போர் நம் ரத்தத்தில் இருக்கிறதா என்று தேடிய நாட்கள்

போரும் மனிதப் பண்பாடும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று தனியாகப் படிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரவில் போர்ச் செய்திகளைப் பார்த்துவிட்டுப் படுத்தால் ஒரே கேள்விதான் வந்து நிற்கும்: இது நம் பிறவிக் குணமா, அல்லது எங்கோ நடுவழியில் கற்றுக்கொண்டதா? என்னைச் சுற்றி மானுடவியலோ தொல்லியலோ படித்தவர் ஒருவரும் இல்லை. வேலை முடிந்த மாலைகள், விடுமுறைகள், சேமிப்பில் ஒரு நல்ல பங்கு, கடைசியில் தூக்கம் என்று ஒவ்வொன்றாக அந்தக் கேள்விக்குள் போயின. ஒரு கட்டத்தில், குழந்தைகள் வரிசையாக நின்று ஒரே குரலில் பாடுவதைப் பார்த்தால்கூட எனக்குப் படையணிதான் தெரிந்தது. அந்த இடத்துக்கு யாரும் துணையில்லாமல் போய்ச் சேரக் கூடாது என்பதால்தான் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முதலில் என்னை அலைக்கழித்தவை எண்கள். இந்த விஷயத்தைத் தொட்டவுடன் உங்கள் முன்னாலும் ஒரு கணக்கு வந்து நிற்கும்: கி.மு. 3600 முதல் இன்றுவரை 14,531 போர்கள், அவற்றில் செத்தவர்கள் முந்நூறு கோடிக்கும் மேல். அந்த எண்ணின் துல்லியமே நம்மை மடக்கிவிடும். யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். அதை எண்ணியது யார் என்று தேடிப் போனேன். ஒரு நூல் இன்னொரு நூலைக் காட்டும், அது ஒரு பேச்சைக் காட்டும், அந்தப் பேச்சு மறுபடி முதல் நூலுக்கே கொண்டுவந்து விடும். வாரக்கணக்கில் சுற்றிய பிறகு தெரிந்தது, அது 1950களில் ஓர் அமெரிக்க இதழாசிரியர் கற்பனைக் கணக்காக எழுதியது, பிறகு பலர் நிஜம் என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வந்தது கோபம்தான். இதே கதை இன்னொரு எண்ணிலும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் களத்தில் நின்ற வீரர்களில் நான்கில் ஒருவர்கூடத் துப்பாக்கியால் சுடவில்லை என்று 1947இல் எஸ். எல். ஏ. மார்ஷல் என்ற அமெரிக்கப் படை வரலாற்றாசிரியர் எழுதினார். மனிதன் இயல்பில் கொல்ல மறுப்பவன் என்று சொல்ல விரும்புகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அந்தக் கணக்குக்குச் சரியான குறிப்பேடுகளே இல்லை என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே முதல் யோசனை இது: போரைப் பற்றிய எந்தப் பெரிய எண்ணைக் கண்டாலும், அது உங்களுக்கு ஆறுதல் தருவதாக இருந்தாலும் சரி, திகில் தருவதாக இருந்தாலும் சரி, எண்ணியது யார், எதை வைத்து என்ற விவரம் கிடைக்கும்வரை மனத்தில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். கிடைக்கவில்லை என்றால் அதைத் துரத்திக்கொண்டு ஓடவும் வேண்டாம். அந்த நேரத்தை எலும்புகளுக்குக் கொடுங்கள்.

எலும்புகள் கடினமான பகுதி. சூடானின் வட எல்லையில் நைல் நதிக்கரையோரம் ஜெபல் சஹாபா என்று ஓர் இடுகாடு. அஸ்வான் அணை நீரில் அந்தப் பகுதி மூழ்கும் முன்பு, 1960களில் அவசரமாகத் தோண்டினார்கள். குறைந்தது 13,400 ஆண்டுகள் பழமையானது. 61 பேரின் எலும்புகள், உடலோடு சேர்ந்து கல் ஆயுத முனைகள். உலகின் முதல் போர் என்று அதைப் பல இடங்களில் எழுதினார்கள். நானும் அதை அப்படித்தான் மனத்தில் பார்த்தேன்: ஒரு நாள், ஒரு தாக்குதல், ஊரே அழிந்தது. 2021இல் அந்த எலும்புகளை மறுபடி நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது படம் மாறியது. 61 பேரில் 41 பேருக்குக் காயம். பலருக்கு ஆறிய காயமும் ஆறாத காயமும் ஒரே உடலில். அதாவது ஒருமுறை அடிபட்டுப் பிழைத்து, சில காலம் வாழ்ந்து, மறுபடி அடிபட்டிருக்கிறார்கள். அது ஒரே நாளில் முடிந்த போர் இல்லை. வருடக்கணக்கில் விட்டுவிட்டு நடந்த தாக்குதல்கள். குழந்தைகளின் எலும்பிலும் அந்தத் தடயங்கள் இருந்தன. அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. ஒரே நாளில் முடிந்த படுகொலையைவிட, எப்போது வருவார்கள் என்று தெரியாமல் அங்கே வளர்ந்த ஒரு குழந்தையின் நாட்கள்தான் என்னை அதிகம் உலுக்கின.

அதற்குப் பிறகு கென்யாவில் துர்கானா ஏரிப் பக்கம் நடாருக், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன், 27 பேர். ஜெர்மனியில் டால்ஹைம், சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் ஒரே குழியில் 34 பேர், அவர்களில் 16 பேர் குழந்தைகள். பலர் மரம் செதுக்கும் வாய்ச்சியாலேயே மண்டையில் அடிபட்டவர்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக்கொண்டே போனால் மனிதன் தோன்றிய நாள் முதல் இதுதான் நடக்கிறது என்ற முடிவு தானாக வந்துவிடும். அங்கேதான் நிதானம் வேண்டும். நம் இனம் தோன்றிச் சுமார் மூன்று லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. கூட்டமாகத் தாக்கிக் கொன்றதற்குத் தெளிவான சாட்சி கிடைப்பது அதன் கடைசித் துண்டில்தான். அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும், சாட்சி இல்லை என்பதால் சண்டையே இல்லை என்றும் ஆகிவிடாது. ஆல்ப்ஸ் பனியில் 1991இல் கிடைத்த ஓட்சி என்ற மனிதரின் உடலை உலகமே ஆராய்ந்தது. அவர் தோளுக்குள் ஓர் அம்பு முனை இருப்பது 2001இல்தான் தெரிய வந்தது. முழு உடல் கையில் இருந்தும் பத்து ஆண்டுகள் அது கண்ணில் படவில்லை என்றால், வெறும் எலும்பு எவ்வளவு மறைக்கும்! நடாருக்கைப் பற்றியே, அந்த உடைப்புகள் எல்லாம் தாக்குதலால் வந்தவையா, மண்ணின் அழுத்தத்தால் வந்தவையா என்று அறிஞர்களிடையே சர்ச்சை நடந்திருக்கிறது. ஆகவே ஒரு தொல்லியல் செய்தியைப் படிக்கும்போது நான் இப்போது பார்ப்பது இவற்றைத்தான்: காயம் ஆறியதா ஆறாததா, காலத்தை எப்படிக் கணித்தார்கள், அதே காலத்தைச் சேர்ந்த காயமில்லாத புதைகுழிகள் அருகில் எத்தனை. கடைசிக் கேள்விதான் முக்கியம், அதைத்தான் செய்திகளில் சொல்லவே மாட்டார்கள். இன்னொன்று, எலும்புக் கட்டுரைகளை இரவில் படிக்காதீர்கள். பகலில் படியுங்கள், படித்துவிட்டு எழுந்து வெளியே நடங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் என் தூக்கம் திரும்பி வந்தது இதனால்தான்.

பணம் போன கதை அடுத்து. தனியாகப் படித்துத் திணறியபோது இணையத்தில் கட்டண வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். கட்டணம் என் நிலைக்குப் பெரியது. நடத்தியவர் பேச்சு வல்லவர். போர் நம் பிறவிக் குணம் என்ற அவருடைய வாதம் முழுக்கச் சிம்பன்சிகளின் மேல் நின்றது. தான்சானியாவின் கோம்பே காட்டில் 1974 முதல் 1978 வரை ஒரு சிம்பன்சிக் கூட்டம், தன்னிடமிருந்து பிரிந்து போன இன்னொரு கூட்டத்தின் ஆண்களை ஒவ்வொருவராகத் தாக்கி அழித்தது. சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் பதிவு செய்த உண்மை இது, நானும் மறுக்கவில்லை. ஆனால் நமக்கு அதே அளவு நெருங்கிய இன்னோர் உறவு போனபோ என்ற மனிதக் குரங்கு. அவற்றில் இரண்டு கூட்டங்கள் சந்தித்தால் பெரும்பாலும் சேர்ந்து உண்ணும், ஒன்றையொன்று நீவிக்கொடுக்கும். அதைப் பற்றிக் கேட்டேன். அது விதிவிலக்கு என்று ஒரே வரியில் பதில், அடுத்த பாடம். நொந்துபோய் எதிர் அணியின் நூல்களுக்குத் தாவினேன். அங்கே எல்லாப் பழியும் விவசாயத்தின் மேலும் அரசின் மேலும் விழுந்தது: நிலத்துக்கு வேலி வந்தது, களஞ்சியம் வந்தது, போர் வந்தது என்று. ஜெபல் சஹாபா மக்கள் வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழ்ந்தவர்கள், அவர்களிடம் வயலும் இல்லை களஞ்சியமும் இல்லை. அதை அந்த நூல்கள் லேசாகத் தொட்டுவிட்டுக் கடந்து போயின. 1986இல் ஸ்பெயினின் செவில் நகரில் கூடிய அறிஞர்கள், போர் நம் மரபணுவில் எழுதப்பட்டது என்று சொல்வது அறிவியல்படி தவறு என்று அறிக்கை வெளியிட்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் அது அறிக்கைதான், ஆதாரங்களை நாம் தனியாகத்தான் பார்த்தாக வேண்டும். வகுப்புக்கோ தொடருக்கோ பணம் கட்டும் முன்பு ஒரு கேள்வி எழுதி அனுப்புங்கள்: உங்கள் கருத்துக்கு எதிராக நிற்கும் மிக வலுவான சான்று எது? நேராகப் பதில் சொல்பவரிடம் படிக்கலாம். பதில் மழுப்பலாக இருந்தால் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு அணிகளையும் விட்டு விலகி, பண்பாடு எப்படி உருவாகிறது என்ற அடிப்படைக்குப் போனபோதுதான் என் காலுக்குத் தரை தட்டுப்பட்டது. 2005இல் வந்த ஓர் ஆய்வை எல்லாரும் படிக்க வேண்டும். உள்ளே இருப்பது தெரியும் பெட்டி ஒன்றைத் திறக்க, தேவையான அசைவுகளோடு தேவையில்லாத அசைவுகளையும் சேர்த்துச் செய்து காட்டினார்கள். சிம்பன்சிகள் தேவையில்லாததை விட்டுவிட்டுப் பரிசை எடுத்தன. மூன்று நான்கு வயது மனிதக் குழந்தைகள் அனைத்தையும் அப்படியே செய்தார்கள். காரணம் தெரியாவிட்டாலும் பெரியவர்கள் செய்வதைச் செய்வது, அதுதான் நம் தனித்திறன். அதனால்தான் ஒரு தலைமுறை கற்றதன் மேல் அடுத்த தலைமுறை கட்ட முடிகிறது. சடங்கும் இதில் பிறக்கிறது, தொழில்நுட்பமும் இதில் பிறக்கிறது, ஏன் வெறுக்கிறோம் என்று தெரியாத வெறுப்பும் இதில்தான் பிறக்கிறது. இதோடு இன்னொன்றும் சேர்கிறது: நாம் யார் என்று உடம்பில் காட்டிக்கொள்வது. மொராக்கோவின் ஒரு குகையில் 1,42,000 ஆண்டுகளுக்கும் முந்தைய துளையிட்ட சிப்பி மணிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றை அணிந்தவர், எதிரே வருபவருக்குத் தன்னைப் பற்றி ஏதோ சொல்ல விரும்பியிருக்கிறார். ‘நாங்கள்’ என்ற உணர்வு எவ்வளவு லேசாக உண்டாகும் என்பதை 1970களின் தொடக்கத்தில் உளவியலாளர் ஹென்றி டாஜ்ஃபெல் காட்டினார். இரண்டு ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கும் என்ற சாக்கில் பள்ளி மாணவர்களைப் பிரித்தார். உண்மையில் பிரித்ததற்கு ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் அவர்கள் தம் குழுவுக்கு அதிகமும் மற்றதற்குக் குறைவும் ஒதுக்கினார்கள். அமெரிக்காவில் முசாஃபர் ஷெரிஃப் 1954இல் முகாமில் சிறுவர்களை இரு அணியாக்கி மோத வைத்த சோதனை எல்லாப் பாடநூலிலும் உண்டு. அதற்கு முந்தைய வருடம் இதையே வேறொரு முகாமில் முயன்றபோது, ஏற்கெனவே பழகியிருந்த சிறுவர்கள் மோத மறுத்து, பெரியவர்கள்தான் ஏதோ சூழ்ச்சி செய்கிறார்கள் என்று சந்தேகப்பட்டார்கள். அந்த முந்தைய முகாமைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதில்லை. அதைப் படித்தபோது, நெடுநாளுக்குப் பிறகு மனம் விட்டுச் சிரித்தேன்.

அதன் பிறகும் ஒரு பள்ளம் வந்தது. போர்தான் பண்பாட்டை வளர்த்தது என்று சொல்லும் நூல்கள். உணவைக் கெடாமல் அடைத்து வைக்கும் முறைக்கு நெப்போலியன் காலத்தில் நிக்கோலா அப்பேருக்கு அரசு கொடுத்த பரிசு, முதல் உலகப் போரில் ஆண்களிடம் பரவிய கைக்கடிகாரம், 1916இல் ஜெர்மனி தொடங்கி வைத்த கோடைக்கால நேர மாற்றம், பென்சிலின், ரேடார் என்று பட்டியல் நீளும். நான் தொடுவதெல்லாம் போரிலிருந்து வந்ததாகத் தோன்றி ஒருவிதக் குமட்டல் உண்டான காலம் அது. இதற்கு மாற்று, பட்டியலின் மறுபக்கத்தையும் எழுதிப் பார்ப்பது. பென்சிலினை ஃபிளெமிங் கண்டது 1928இல், அமைதிக் காலத்தில். போர் கொடுத்தது பணமும் அவசரமும். அந்தப் பணத்தையும் அவசரத்தையும் போரில்லாமல் கொடுக்க முடியாது என்று யாரும் நிரூபித்ததில்லை. 1914இல் பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழக நூலகம் எரிந்தது. மறுபடி கட்டினார்கள், 1940இல் மறுபடி எரிந்தது. 1992இல் சரயேவோவின் தேசிய நூலகம் எரிந்தது. அங்கே என்னென்ன கையெழுத்துப் பிரதிகள் இருந்தன, அவற்றிலிருந்து எது முளைத்திருக்கும் என்பது எந்தப் பட்டியலிலும் வராது. போர் கொடுத்ததை எண்ணலாம், போர் தடுத்ததை எண்ண முடியாது. இந்த ஒன்றை எழுதி மேசைக்கு எதிரே ஒட்டி வைத்துக்கொண்டுதான் மேலே படித்தேன்.

என்னை உண்மையில் மீட்டது மோரியோரி மக்களின் வரலாறு, மிக அதிகம் வலித்ததும் அதுதான். நியூசிலாந்துக்குக் கிழக்கே சாத்தம் தீவுகளில் சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் குடியேறிய பாலினேசியர்கள் அவர்கள். அவர்களும் நியூசிலாந்தின் மாவோரி மக்களும் ஒரே முன்னோரின் வழியினர். நுனுக்கு என்ற தலைவர் கொலைக்குத் தடை விதித்தார். சச்சரவு வந்தால் இருவர் கட்டை விரல் தடிமனான கோலால் மோதலாம், முதல் சொட்டு ரத்தத்தில் நிறுத்திவிட வேண்டும். தலைமுறை தலைமுறையாக அது நின்றது. 1835இல் மாவோரிகளில் இரு குழுவினர், தம் சொந்த நிலத்தில் துப்பாக்கிப் போர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள், கப்பலில் வந்து தீவைத் தமதென்றார்கள். மோரியோரிகள் கூடிப் பேசினார்கள். எதிர்த்து நிற்கலாம் என்று இளையவர்கள் சொன்னார்கள், நுனுக்குவின் சட்டம் வசதிக்கேற்ப மாற்றும் உத்தி அல்ல என்று மூத்தவர்கள் சொன்னார்கள். சட்டம்தான் வென்றது. பலர் கொல்லப்பட்டார்கள், மற்றவர்கள் அடிமையானார்கள், நோயும் வாரிக்கொண்டு போனது. ஆயிரத்து அறுநூறுக்கும் மேல் இருந்தவர்கள் 1862 வாக்கில் நூறு பேர் அளவுக்குச் சுருங்கினார்கள். பிறகு அவர்கள் அழிந்தே போனார்கள் என்றும் தாழ்ந்த இனம் என்றும் பாடங்களில் வேறு சொன்னார்கள். இரண்டும் பொய். அவர்களின் வாரிசுகள் இருக்கிறார்கள், 2020இல் நியூசிலாந்து அரசு அவர்களோடு தீர்வு உடன்படிக்கையில் கையெழுத்திட்டது.

இதைப் படித்துவிட்டு நான் இரண்டு விதமாக நிலைகுலைந்தேன். ஆயுதத்தைக் கீழே வைத்தவர்களுக்குக் கிடைத்தது இதுதானா என்ற துயரம் ஒரு பக்கம். மறுபக்கம், என் கேள்விக்கான பதில் இதோ இருக்கிறது என்ற தெளிவு. ஒரே ரத்தம், சில நூற்றாண்டு இடைவெளி, ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பண்பாடுகள். பேசும் திறனோடு எல்லாக் குழந்தையும் பிறக்கிறது, எந்த மொழியைப் பேசும் என்பதை வளரும் வீடு முடிவு செய்கிறது. சண்டை போடும் திறனும் அப்படித்தான் நமக்குள் இருக்கிறது, போராக அதை எடுக்கலாமா, எப்போது நிறுத்த வேண்டும் என்பதைப் பழக்கமும் சட்டமும் கற்றுத் தருகின்றன. வட அமெரிக்காவின் இரோகுவா மக்களிடம் இதை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். உறவினர் இறந்தால், அந்தத் துக்கம் தீர எதிரிக் குழுவைத் தாக்கி ஆட்களைப் பிடித்து வருவது அவர்கள் வழக்கம். ஐந்து இனங்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்தபோது, தமக்குள் அதே துக்கத்தை ஆறுதல் சடங்காக மாற்றினார்கள். இழந்தவரின் கண்ணீரைத் துடைத்து, சிப்பி மணிப் பட்டைகளைக் கொடுத்துப் பேசுவார்கள். துக்கம் குறையவில்லை, அது போகும் வழிதான் மாறியது. ஆனால் அது கூட்டமைப்புக்கு உள்ளே மட்டும். வெளியே இருந்த ஹியூரன்களை 1649இல் அவர்களே சிதறடித்தார்கள். இந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அசோகரையும் அப்படித்தான் படிக்க வேண்டும். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதாகவும் ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டதாகவும் தன் 13ஆம் பாறைக் கட்டளையில் அவரே வெட்டி வைத்து வருந்துகிறார். வென்ற அரசன் தன் வெற்றிக்காக வருந்திக் கல்லில் எழுதுவது வரலாற்றில் அரிது. அதே கட்டளையில் காட்டுவாழ் மக்களுக்கு எச்சரிக்கையும் இருக்கிறது. கலிங்கத்திலேயே, தௌலியிலும் ஜௌகடாவிலும், இந்தக் கட்டளையை அவர் வெட்டவில்லை, அங்கே வேறு கட்டளைகள். எனக்கு இது அசோகரைக் குறைத்துக் காட்டவில்லை. படையைக் கலைக்காத ஒருவர்கூடப் போரைப் புகழாமல் இருக்கக் கற்றுக்கொள்ளலாம் என்பதையே காட்டியது. இன்றும் நடப்பதைப் பார்க்க விரும்பினால் பிரேசிலின் மேல் ஷிங்கு ஆற்றுப் பகுதி இருக்கிறது. வெவ்வேறு மொழி பேசும் ஊர்கள் தமக்குள் பெண் கொடுத்து எடுக்கின்றன. பானை செய்வது வாவுஜா மக்களின் வேலை, வில் செய்வது கமயுரா மக்களின் வேலை. செய்யத் தெரியாததால் அல்ல, ஒருவருக்கொருவர் தேவைப்பட வேண்டும் என்பதற்காகவே அப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். ஓர் ஊர்த் தலைவருக்கு எடுக்கும் நினைவுச் சடங்குக்குப் பக்கத்து ஊர்களும் வந்து கூடும், மல்யுத்தமும் நடக்கும்.

மிச்சம் இருப்பது நடைமுறை. இந்த விஷயத்தைத் தனியாகப் படிக்காதீர்கள். ஒரே ஒருவர் போதும், வாரம் ஒருமுறை படித்ததைச் சொல்லிக் கேட்க ஆள் வேண்டும். எனக்கு அப்படி ஒருவர் கிடைத்தது மிகத் தாமதமாக, அவரிடம் பேசத் தொடங்கிய பிறகே, படித்ததில் எது அச்சம் எது அறிவு என்று பிரிக்க முடிந்தது. படுகொலைகளையே தொடர்ந்து படிக்காமல், ஒவ்வொன்றுக்கும் நடுவே சமாதானம் எப்படிக் கட்டப்பட்டது என்ற ஒரு வரலாற்றையும் படியுங்கள். ஆய்விதழ்களில் ஒரு கட்டுரைக்குக் கேட்கும் விலையைக் கண்டு பணம் கட்டிவிடாதீர்கள், நான் நிறையக் கட்டியிருக்கிறேன். பல ஆய்வாளர்கள் தம் கட்டுரையை மின்னஞ்சலில் கேட்டாலே அனுப்பிவிடுகிறார்கள், பலவற்றின் முன்வடிவம் பல்கலைக்கழகக் களஞ்சியங்களில் இலவசமாகக் கிடக்கிறது. ஜெபல் சஹாபா பற்றிய 2021 கட்டுரை யாரும் படிக்கலாம் என்று திறந்தே வெளியிடப்பட்டது. அதில் தொடங்கி, அடுத்ததாக அசோகரின் 13ஆம் கட்டளை, பிறகு மோரியோரி மக்களின் வரலாறு என்று போங்கள். எண்களையும் வகுப்புகளையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.